பதுருன்னிசாவின் மழைத்தொட்டிகள்

வானம் கறுத்தால் பதுருன்னிசாவின் தையல் இயந்திரம் நின்றுவிடும். சிங்கப்பூர் தேக்கா சென்டரின் மேல்மாடியில், ஓர் ஆள் உட்கார்ந்தால் இன்னோர் ஆள் நிற்க மட்டுமே இடமுள்ள கடை அவளுடையது. ரவிக்கை தைக்கக் கொடுக்க வந்தவர்கள் எதிரே நின்று பேசிக்கொண்டிருந்தாலும், அவள் கண் அவர்களைத் தாண்டி, படிக்கட்டுப் பக்கம் தெரியும் துண்டு வானத்துக்குப் போய்விடும். உடனே கைப்பேசியை எடுப்பாள்.

“என்னங்க, அங்க இருட்டிருச்சா? பைப்பத் திருப்பி வச்சீங்களா?”

பிடோக் வீட்டில் இருக்கும் கணவர் ரவூப், “இன்னும் தூறல்கூட விழல பதுரு. நீ வேலையப் பாரு லா,” என்பார்.

சற்று நேரம் கழித்து மறுபடியும் அழைப்பாள்.

முதல் மழை கூரையில் உள்ள தூசியையும் காக்கை எச்சத்தையும் அடித்துக்கொண்டு வரும். அதைத் தொட்டிக்குள் விடக்கூடாது. அதனால் குழாயின் வளைந்த முனையைக் கால்வாய்ப் பக்கம் திருப்பி வைத்து, அழுக்கு போனபிறகு தொட்டிப் பக்கம் திருப்ப வேண்டும். இந்த ஒரு வேலைக்காகத் தேக்காவிலிருந்து பிடோக்குக்கு நாளெல்லாம் போன் பேசுகிற பெண்ணைப் பார்த்து, பக்கத்துக் கடைக்காரர்கள் சிரிப்பார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். ஆனால் அடுத்த மழைக்கும் அழைப்பாள்.

பிடோக்கில் அடுக்குமாடிக் கட்டடங்களுக்குப் பின்னால், சுவரோடு சுவர் ஒட்டிய பழைய ஓட்டு வீடுகள் சில இன்னும் இருக்கின்றன. ரவூப்பின் வாப்பா அவற்றில் ஒன்றை எப்போதோ வாங்கிப் போட்டிருந்தார். கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த முதல் மழையன்று, கூரை விளிம்பில் ஓடும் கட்டர் என்ற தகர வாய்க்காலிலிருந்து தண்ணீர் அருவி மாதிரிக் கொட்டிக் கால்வாய்க்குப் போவதைப் பார்த்து, புதுப்பெண் பதுருன்னிசா வாளியை எடுத்துக்கொண்டு ஓடினாளாம். மாமியார் வீட்டில் இதை வெகுநாள் சொல்லிச் சிரித்தார்கள்.

அவள் ஓடியதற்குக் காரணம் இருந்தது. அவள் வளர்ந்தது தேக்காவில் எருமை ரோட்டை ஒட்டிய ஒரு கடைவீட்டின் மாடியில். பலகைத் தடுப்பு போட்டுப் பிரித்த அறைகள். அத்தனை குடும்பங்களுக்கும் கீழே ஒரே குழாய். குழாயடியில் ஒருநாள் யாரோ ஒருத்தி உம்மாவின் வாளியைக் காலால் உதைத்துவிட்டாள். உம்மா சண்டை போடவில்லை. தரையில் உட்கார்ந்து, கொட்டிய தண்ணீரைத் துணியால் ஒற்றி ஒற்றி வாளிக்குள் பிழிந்தாள். அருகில் நின்ற சிறுமி பதுருன்னிசாவும் குனிந்து தன் பாவாடை நுனியால் ஒற்றினாள். இன்றைக்கு வீட்டில் எல்லாக் குழாயிலும் தண்ணீர் வருகிறது, சிங்கப்பூரில் தண்ணீர் நின்றுபோய் அவள் பார்த்து எத்தனையோ வருடமாகிறது. ஆனாலும் தொட்டி நிறைந்திருந்தால்தான் அவளுக்கு மூச்சு சீராக வரும்.

தொட்டிகள் இரண்டு. முன்பக்கம் கார் நிற்கும் இடத்தில், செங்கல் மேடைமேல் நீலத் தொட்டி. பின்பக்கம் அடுப்படியை ஒட்டி, தகரக் கூரை இறக்கிய இடத்தில் சின்னதாக இன்னொன்று. இரண்டுக்கும் மூடி, மூடிக்கு அடியில் நெருக்கமான கம்பி வலை. அந்தத் தண்ணீரில் வாசலைக் கழுவுவாள், கழிவறைக்கு ஊற்றுவாள், கறிவேப்பிலைக்கும் மருதாணிக்கும் ரம்பைக்கும் விடுவாள். புதுப் பருத்தித் துணியை வெட்டுவதற்கு முன்னால் மழைத்தண்ணீரில் ஊறவைத்துக் காயப்போடுவாள். “பைப்புத் தண்ணியவிட இதுல துணி மெத்துனு ஆகும்,” என்பது அவள் கட்சி. மகள் அஃப்ரீன் இதெல்லாம் சும்மா என்பாள். அஃப்ரீன் ஜூரோங்கில் கணவன் வீட்டில் இருக்கிறாள், அங்கே பதினான்காவது மாடி. “எங்களுக்குக் கூரையே கெடையாது உம்மா, நாங்க எங்க போய்ப் புடிக்கிறது?” என்று கேலி செய்வாள்.

பக்கத்து வீட்டுக்குக் குமரனும் வர்ஷாவும் வாடகைக்கு வந்து ஒரு வருடத்துக்கு மேல் இருக்கும். குமரன் கப்பல் பட்டறையில் இன்ஜினியர், விடிவதற்குள் கிளம்பிவிடுவான். வர்ஷா வீட்டிலிருந்தே கணினியில் வேலை பார்ப்பவள். வந்த புதிதில் பூந்தொட்டியில் செடி வைத்துவிட்டு, எது செய்தாலும் வாடிப்போகிறதே என்று சுவருக்கு அந்தப் பக்கம் நின்று அலுத்துக்கொண்டாள். பதுருன்னிசா ஒரு வாளி மழைத்தண்ணீரைச் சுவருக்கு மேலாக நீட்டினாள். பழக்கம் அப்படித்தான் ஆரம்பித்தது. வர்ஷா கர்ப்பமானதும், அவளுடைய அம்மா கோயம்புத்தூரிலிருந்து வருவதற்குள் புளிப்பாக எதையாவது செய்து சுவருக்கு மேல் நீட்டுவதும் பதுருன்னிசாவின் வேலையாயிற்று.

வர்ஷாவுக்கு ஏழாம் மாதம் நடந்துகொண்டிருந்தபோது சாலை முனையில் டெங்கி எச்சரிக்கைப் பதாகை கட்டினார்கள். முதலில் மஞ்சள். பிறகு காய்ச்சல் கண்டவர்கள் கூடியதும் அதை எடுத்துவிட்டுச் சிவப்பு.

சிவப்பைப் பார்த்த நாளிலிருந்து பதுருன்னிசாவுக்கு நிம்மதி இல்லை. அதுவரை எதைப் பார்த்து நிம்மதியடைந்தாளோ அதையே பார்த்துப் பயப்பட ஆரம்பித்தாள். காலையில் சுபுஹு தொழுததும் டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு முன்தொட்டியின் மூடியைத் திறந்து பார்ப்பாள். வலையில் ஓட்டை இருக்கிறதா என்று விரலால் தடவுவாள். தண்ணீரில் கொசு மருந்து போட்டாள். கடைக்குக் கிளம்பி, பேருந்து நிறுத்தம்வரை போய், மூடியைச் சரியாகப் போட்டோமா என்ற சந்தேகத்தில் திரும்பி வருவாள்.

“இவ்ளோ பயந்தா ரெண்டையும் தூக்கிப் போட்டுரு,” என்றார் ரவூப்.

“முன்னாடி உள்ளது இருக்கட்டும். பின்னாடி உள்ளத எடுத்துர்றேன்,” என்றாள்.

அன்றைக்கே எடுத்தும்விட்டாள். பின்தொட்டியைக் காலி செய்து, துடைத்து, வெயிலில் காயவைத்துக் கவிழ்த்துப் போட்டாள். மேலே ஓட்டுக் கூரையும் தகரக் கூரையும் சேரும் இடத்தில் ஒரு கட்டர் ஓடியது. கீழே நிற்பவர் கண்ணுக்கு அது தெரியாது. அதிலிருந்து தொட்டிக்கு இறங்கும் குழாயைக் கழற்றினாள். கழற்றியதும் மழை பெய்தால் அடுப்படி வாசலில் தண்ணீர் கொட்டி வழுக்கும் என்று தோன்றியது. ஏற்கெனவே முட்டியில் அறுவை செய்துகொண்ட ரவூப் வீட்டில் நடமாடுகிறார். நாற்காலியில் ஏறி, கட்டரின் வாயில் ஒரு பிளாஸ்டிக் பையைச் சுருட்டித் திணித்து, கயிறு போட்டுக் கட்டினாள். அந்த வேலையை முடித்த பிறகு மனசு கொஞ்சம் லேசானது. ஒரு கவலை ஒழிந்தது என்று நினைத்தாள்.

சில வாரங்கள் போயின. தினமும் பிற்பகலில் மழை.

ஒருநாள் காலையில் வர்ஷாவின் குரல் கேட்கவில்லை. செடிக்குத் தண்ணீர் விட வரவில்லை. பதுருன்னிசா சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்துக் கூப்பிட்டாள். கதவைத் திறந்தவன் குமரன். வேலைக்குப் போகாமல் இருந்தான்.

“நேத்துலேருந்து காய்ச்சல் ஆன்ட்டி. கண்ணுக்குப் பின்னாடி வலிக்குதுங்கிறா. டாக்டர்கிட்ட போறோம்.”

“புள்ளத்தாச்சிப் பொண்ணு. கிளினிக்குக்குப் போவாதீங்க தம்பி, நேரா பெரிய ஆஸ்பத்திரிக்கே போயிடுங்க.”

மத்தியானம் செய்தி வந்தது. டெங்கி. அங்கேயே படுக்க வைத்துவிட்டார்கள்.

மறுநாள் சுற்றுப்புற அதிகாரிகள் கொசு தேடி வீடு வீடாக வந்தார்கள். பதுருன்னிசாவின் வீட்டுக்கு வந்தது ஓர் இளம்பெண், தலையில் தூடோங் கட்டிய மலாய்ப் பெண். மரியாதையாகப் பேசினாள். முன்தொட்டியின் மூடியைத் திறந்து விளக்கடித்துப் பார்த்தாள். வலையைப் பார்த்தாள். பூந்தொட்டித் தட்டுகள், குளியலறை, குளிர்சாதனப் பெட்டியின் அடித்தட்டு, எல்லாவற்றையும் பார்த்தாள். முன்கூரைக் கட்டருக்கு நீளக் கம்பில் கேமரா மாட்டி உயர்த்திப் பார்த்தாள். காய்ந்து கிடந்தது. பின்பக்கம் வந்து, கவிழ்த்துப் போட்டிருந்த தொட்டியைப் பார்த்துத் தலையசைத்தாள்.

“பின்பக்கக் கூரையில் கட்டர் உண்டா?” என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

“நோ, நோ. முன்னாடி மட்டும்தான். இங்க வெறும் தகரம்,” என்றார் ரவூப்.

அவர் பொய் சொல்லவில்லை. தொட்டியை எடுத்ததோடு அவருக்கு அந்தக் கட்டரும் மறந்துபோயிருந்தது. முட்டி அறுவைக்கு முன்புவரை அவர்தான் மாதாமாதம் ஏணி வைத்து ஏறி, பின்வீட்டு மாமரத்தின் இலைகளை அதிலிருந்து அள்ளிப் போடுவார். அதன்பிறகு அந்தப் பக்கம் அவர் தலையை நிமிர்த்தியே பார்த்ததில்லை.

பதுருன்னிசாவுக்கு அந்த நொடியில்தான் பிளாஸ்டிக் பை ஞாபகம் வந்தது.

இலையும் சருகும் நிறைந்த கட்டர். அதன் வாயை அவளே அடைத்திருக்கிறாள். அதற்குப் பிறகு தினமும் மழை. அப்படியென்றால் அத்தனை தண்ணீரும் எங்கே போயிருக்கும்?

சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள். அதற்குள் அந்தப் பெண், “ரொம்ப நல்லா வைத்திருக்கிறீர்கள், மக்சிக்,” என்று மலாயில் பெரியம்மா முறை சொல்லிப் புன்னகைத்துவிட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு, வாசலைத் தாண்டிப் போய்விட்டாள். அடுத்து தட்டப்போவது குமரனின் பூட்டிய வீட்டை என்று பதுருன்னிசாவுக்குத் தெரியும். தட்டும் சத்தம் கேட்டது. அவள் அசையாமல் நின்றாள்.

“என்ன பதுரு? நல்லாருக்குன்னுதானே சொல்லிட்டுப் போவுது. மொகத்த ஏன் இப்புடி வச்சிருக்கே?”

“ஒண்ணுமில்ல. கடைக்கு நேரமாச்சு,” என்றாள்.

கடைக்குப் போனாள். ஒரு கல்யாண ரவிக்கைக்கு இரண்டு கைகளையும் இடக்கையாகவே வெட்டிவிட்டு, வெட்டிய துணியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அது கல்யாணப் பட்டு, மாற்றுத் துணி கிடைக்காது. வேறொரு நாளாக இருந்தால் அதற்கே அழுதிருப்பாள். அன்று அது பெரிதாகவே படவில்லை. கட்டரில் ஒன்றும் இருக்காது, வெயிலில் காய்ந்திருக்கும் என்று ஒரு மனம் சொன்னது. தினமும் மழை பெய்ததே என்று இன்னொரு மனம் சொன்னது. வெளியே மறுபடியும் வானம் இருண்டுகொண்டு வந்தது. இந்தமுறை அவள் ரவூப்பை அழைக்கவில்லை. கடையின் இரும்புக் கதவை இழுத்துப் பூட்டிவிட்டுக் கிளம்பினாள். ரயிலில் உட்கார இடம் இருந்தும் கதவோரம் நின்றுகொண்டே வந்தாள்.

வீட்டுக்கு வந்தபோது ரவூப் அஸர் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார். அதுவும் நல்லதுதான் என்று நினைத்தாள். ஏணியை இழுத்து வந்து பின்சுவரில் சாய்த்தாள். இந்த ஐம்பத்தேழு வயதுவரை அவள் ஏணி ஏறியதில்லை. ஒவ்வொரு படியிலும் சேலையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, யா அல்லாஹ், யா அல்லாஹ் என்று சொல்லிக்கொண்டே ஏறினாள். தலை தகரத்துக்கு மேலே வந்தது.

கட்டர் விளிம்புவரை நிறைந்திருந்தது. கறுத்த மாவிலைகளுக்கு நடுவே தண்ணீர், வெளிச்சம் பட்டுத் தெளிவாகவே தெரிந்தது. குழிக்கரண்டியால் மொண்டு, கொண்டுபோயிருந்த வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றினாள். ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு கிண்ணத்தின் அடியிலிருந்து நூல் துணுக்குகளைப்போலச் சின்னச் சின்னதாக எழும்பி, வளைந்து நெளிந்து மேலே வந்தன.

அவள் ஏணியிலேயே நின்றாள். கட்டரின் மறுமுனை குமரன் வீட்டுச் சுவரில் போய் முட்டுகிறது. அதற்கு அந்தப் பக்கம், கையெட்டும் தூரத்தில், வர்ஷா உட்கார்ந்து வேலை பார்க்கும் அறையின் சன்னல். கடைசியில் எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது.

ரவூப் திரும்பி வந்தபோது அவள் அடுப்படிப் படியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில், கிண்ணத்துத் தண்ணீரை ஊற்றி மூடி போட்ட ஜாம் பாட்டில். அவர் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். கட்டர் இருக்கும் பக்கம் நிமிர்ந்து பார்த்தார். சொல்லாமலே அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

“நாந்தானே இல்லைன்னு சொன்னேன்,” என்றார்.

“நீங்க மறந்து சொன்னீங்க. எனக்கு அப்பவே ஞாபகம் வந்துச்சு. நா வாயத் தொறக்கல.”

ரவூப் பாட்டிலைக் கீழே வைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, “சரி. நடந்தது நடந்துபோச்சு. பையப் புடுங்கிட்டு, மருந்து ஊத்தி, கழுவி விட்டுருவோம். யாருக்கும் தெரியப் போறதில்ல. நீ வேணும்னேவா செஞ்சே?” என்றார்.

“கழுவத்தான் போறோம். ஆனா சொல்லணும்.”

“யாருகிட்ட?”

“அந்த ஆபீசர் புள்ளகிட்ட. எங்கேருந்து வருதுன்னு தெரியாம அவங்க ஒவ்வொரு வூடா தட்டிக்கிட்டு இருக்காங்க. இந்த ரோட்டுல இன்னும் எத்தன பச்சப்புள்ள இருக்கு? அப்புறம் குமரன்கிட்டயும் சொல்லணும்.”

“குமரன்கிட்டயா?” ரவூப்பின் குரல் உயர்ந்தது. “அவன் பொண்டாட்டி ஆஸ்பத்திரில கெடக்குறா. இப்பப் போயி ஒங்க வூட்டுப் பக்கத்துலதான் கொசு வளத்தேன்னு சொல்லப் போறியா? அந்தக் கொசுதான் கடிச்சிச்சின்னு ஒனக்கு எப்புடித் தெரியும்?”

“தெரியாது.”

“அப்புறம்?”

“தெரியாதுங்கிறதுதான் என்னத் திங்கிது.”

அந்த அதிகாரிப் பெண் கொடுத்துவிட்டுப் போயிருந்த எண்ணை ரவூப்பே தேடி எடுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, போனில் அழுத்திக் கொடுத்தார்.

அதே அதிகாரிதான் அடுத்த நாள் வந்தாள். இன்னும் இரண்டு பேர் உடன் வந்தார்கள். பாட்டிலை வாங்கிக்கொண்டார்கள், கட்டரிலிருந்தும் தண்ணீர் எடுத்துக்கொண்டார்கள், மருந்தடித்தார்கள். நேற்று சொன்ன மக்சிக் என்ற சொல்லை அவள் இன்று சொல்லவில்லை, ஆனால் கடுமையாகவும் பேசவில்லை. அபராதம் கட்டச் சொல்லிக் கடிதம் வரும் என்றாள். அதே சாலையில் வேறு இரண்டு வீடுகளிலும் புழு கிடைத்திருக்கிறது என்றாள். பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கடித்தது எங்கே பிறந்த கொசு என்று பதுருன்னிசா கேட்டபோது, அதை யாராலும் சொல்ல முடியாது என்று பதில் வந்தது.

அன்று மாலையே பதுருன்னிசா ஆஸ்பத்திரிக்குப் போனாள். பூக்கடையில் நின்று, பூவா கொண்டுபோவது என்று வெறுங்கையோடு மேலே ஏறினாள். குமரன் வார்டுக்கு வெளியே நாற்காலியில், சட்டையெல்லாம் கசங்கி, தாடி முளைத்து உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்தான்.

“வாங்க ஆன்ட்டி. பிளேட்லெட் எறங்கிக்கிட்டே போவுது. இன்னும் எறங்குனா ரத்தம் ஏத்தணும்ங்கிறாங்க. கொழந்தையோட ஹார்ட்பீட்டப் பாத்துக்கிட்டே இருக்காங்க. எனக்கு என்ன கேக்கறதுன்னே தெரியல ஆன்ட்டி.”

சொல்லாமல் திரும்பிவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. இவன் தேறட்டும், பிறகு சொல்லலாம். ஆனால் பிறகு என்று ஒன்று வந்தால் அதற்குள் தனக்கு நூறு காரணம் கிடைத்துவிடும் என்றும் தெரிந்தது.

“தம்பி, ஒக்காருங்க,” என்றாள். எல்லாவற்றையும் சொன்னாள். கட்டரின் வாயை அடைத்தது, அதிகாரி கேட்டபோது வாய் திறக்காமல் இருந்தது, கிண்ணத்தில் பார்த்தது. சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்காமல் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

குமரன் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தான்.

“அவ ஜன்னலுக்குப் பக்கத்துலயா?”

“ஆமா தம்பி.”

“காத்து வேணும்னு அந்த ஜன்னலத் தொறந்துதான் வச்சிருப்பா.” அவன் எழுந்து சுவர்வரை போய்த் திரும்பினான். “இத ஏன் ஆன்ட்டி இப்ப வந்து எங்கிட்ட சொல்றீங்க? நா என்ன பண்ணணும்? பரவால்லன்னு சொல்லணுமா?”

“இல்ல தம்பி. அதுக்கு வரல.”

“கெளம்புங்க ஆன்ட்டி. ப்ளீஸ். அவ ஒங்களப் பாத்தா ஏதாவது பேசுவா. இப்ப வேணாம்.”

வர்ஷாவைப் பார்க்காமலே இறங்கினாள். பேருந்து நிறுத்தத்தில் இரண்டு பேருந்துகளை விட்டுவிட்டு மூன்றாவதில் ஏறினாள்.

அதற்குப் பிறகு வந்த நாட்களைப்போல அவள் வாழ்க்கையில் வேறு நாட்கள் இருந்ததில்லை. பக்கத்து வீடு பூட்டியே கிடந்தது. செய்தி சொல்ல ஆள் இல்லை, கேட்க உரிமை இல்லை. கார் வரும் சத்தம் கேட்டால் கையில் உள்ள வேலையை விட்டுவிடுவாள். கார்க்கதவு மெதுவாகச் சாத்தப்படுகிறதா, அறைந்து சாத்தப்படுகிறதா என்று காது கொடுப்பாள். குமரன் குளித்து உடை மாற்றிக்கொண்டு மறுபடி போய்விடுவான். வர்ஷாவின் செடிகள் சுவருக்கு அந்தப் பக்கம் தலை சாய்ந்தன. கையை நீட்டினால் தண்ணீர் ஊற்றிவிடலாம். அவள் நீட்டவில்லை. தொழுகையில் உட்கார்ந்தால் துஆ கேட்கக்கூட வார்த்தை வரவில்லை. அந்தப் பிள்ளை, அந்தப் பிள்ளை என்பதோடு நின்றுவிடும்.

அஃப்ரீன் ஜூரோங்கிலிருந்து வந்து இரண்டு நாள் தங்கினாள். “உம்மா, ஒங்களாலதான்னு யாருமே சொல்லலையே. ஆபீசரே தெரியாதுன்னுட்டாங்க. வை ஆர் யூ டூயிங் திஸ் டு யுவர்செல்ஃப்?” என்றாள்.

“என்னாலதான் இல்லன்னும் யாரும் சொல்லலம்மா,” என்றாள் பதுருன்னிசா.

செய்தியைக் கொண்டுவந்தவர் ரவூப்தான். ஒரு வெள்ளிக்கிழமை, காரிலிருந்து இறங்கிய குமரனை வாசலில் மறித்து நேராகவே கேட்டுவிட்டார். அவன் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். ஆனால் சொன்னானாம்: பிளேட்லெட் ஏற ஆரம்பித்துவிட்டது, ரத்தம் ஏற்றத் தேவைப்படவில்லை, குழந்தை நன்றாக இருக்கிறது.

ரவூப் இதைச் சொன்னபோது பதுருன்னிசா அரிசி களைந்துகொண்டிருந்தாள். பாத்திரத்தை அப்படியே வைத்துவிட்டுப் போய்க் கட்டிலில் படுத்தவள், பட்டப்பகலில் அஸர்வரை தூங்கினாள்.

வர்ஷா வீட்டுக்கு வந்தாள். அவளுடைய அம்மாவும் ஊரிலிருந்து வந்து சேர்ந்தார். பதுருன்னிசா சுவர்ப் பக்கம் போவதை நிறுத்திக்கொண்டாள். எதிர்ப்பட்டால் குமரன் தலையை அசைப்பான், அவ்வளவுதான். டாக்டர் சொன்ன தேதிக்குச் சற்று முன்னதாகக் குழந்தை பிறந்தது. பெண். எடை கொஞ்சம் குறைவு என்று ரவூப் கேள்விப்பட்டு வந்து சொன்னார். அந்தக் குறைவும் தன்னால்தானோ என்று அதையும் எடுத்து மனதில் வைத்துக்கொண்டாள் பதுருன்னிசா.

குழந்தைக்கு ஒரு மாதம் கடந்திருக்கும். கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

“ஆன்ட்டி, நீங்க எப்ப வந்து பாப்பாவப் பாக்கப் போறீங்க?”

வர்ஷா மெலிந்திருந்தாள். கன்ன எலும்பு தெரிந்தது. பதுருன்னிசா கையில் ஈரத்துணியோடு நின்றாள்.

“ஒங்க வூட்டுக்காரருக்குப் புடிக்காதும்மா.”

“அவரு கோவத்த அவரு பாத்துக்குவாரு. கோவம் எனக்கும் இருந்துச்சு ஆன்ட்டி. இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆஸ்பத்திரில படுத்துக்கிட்டு ஒங்கள ரொம்பத் திட்டுனேன்.” கொஞ்சம் நிறுத்தினாள். “ஆனா நீங்க சொல்லலைன்னா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது. அதையும் நெனச்சேன். வாங்க. இனியான்னு பேரு வச்சிருக்கோம்.”

அவள் போனாள். கதவைத் திறந்தது குமரன். ஒரு பக்கமாக ஒதுங்கி வழி விட்டான். குழந்தையைத் தூக்கச் சொல்லி வர்ஷா கொசுவலையை விலக்கியபோது பதுருன்னிசா கை நீட்டவில்லை. குனிந்து பாதத்தை மட்டும் ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். கொசுவலைக்குள் படுத்திருந்த குழந்தை காலை உதைத்தது.

திரும்பும்போது குமரன் வாசல்வரை வந்தான்.

“அந்தக் கட்டர் இன்னும் இருக்கா ஆன்ட்டி?”

“இல்ல தம்பி. ஆள வச்சு எடுத்தாச்சு. பின்தொட்டியையும் குடுத்தாச்சு.”

“முன்னாடி?”

அவள் தயங்கினாள். “அது இருக்கு. தண்ணி நிக்காம சரிவ மாத்தி வச்சிருக்கோம். வேணாம்னா அதையும் எடுத்துர்றேன்.”

“எடுக்கச் சொல்லல. நா பாக்கணும்.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் வந்தான். ஏணியைச் சாய்த்து ஏறி முன்கட்டரை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை விளக்கடித்துப் பார்த்தான். ஒரு குவளைத் தண்ணீரை மேல்முனையில் ஊற்றி, அது தங்காமல் ஓடி வருகிறதா என்று கவனித்தான். தொட்டியின் மூடியைத் திறந்து வலையை அழுத்திப் பார்த்தான். கீழே நின்ற பதுருன்னிசாவுக்குப் பள்ளியில் தேர்வு முடிவு வாசிக்கும்போது நின்ற மாதிரி இருந்தது. வேலை முடிந்ததும் ஒரு திருகாணி தளர்ந்திருப்பதாகச் சொல்லி, வீட்டிலிருந்து கருவி எடுத்துவந்து முடுக்கிவிட்டுப் போனான். தேநீர் வேண்டாமென்றுவிட்டான்.

அதற்கடுத்த ஞாயிறும் வந்தான். இப்போது அது வழக்கமாகிவிட்டது. கேட்காமலே ஏணியை எடுக்கிறான், பார்க்கிறான், போகிறான். சில நாள் தேநீர் குடிக்கிறான், பட்டறையில் நடந்ததை ரவூப்பிடம் சொல்கிறான். சில நாள் ஒரு சொல்லும் பேசுவதில்லை. சாலை முனையில் பதாகையை எடுத்துவிட்டார்கள், ஆனாலும் அவன் வருவது நிற்கவில்லை.

“நம்ம மேல நம்பிக்க இல்லாமதான் வர்றான் பதுரு. ஒனக்குப் புரியிதா?” என்று ரவூப் ஒருநாள் வருத்தத்தோடு சொன்னார்.

“வரட்டுங்க,” என்றாள் அவள், நாளைக்குத் தைக்க வேண்டிய துணியை முன்தொட்டித் தண்ணீரில் அமுக்கி ஊறவைத்தபடி. “எனக்கும் எம்மேல இல்ல. ரெண்டு பேரா பாத்தா கொஞ்சம் பயம் கொறையிது.”

வெளியே குமரன் ஏணியை மடக்கிச் சுவரோரம் சாய்த்துவிட்டு, “ஓகே ஆன்ட்டி, தண்ணி நிக்கல,” என்று குரல் கொடுத்தான்.